வங்கித் தலைவரின் சம்பளம் தகுமா? ஆண்டறிக்கையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தனியார் வங்கி எம்.டி.க்கு (நிர்வாக இயக்குநருக்கு) ஆண்டுக்குப் பத்துக் கோடி என்று செய்தி வந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று "அநியாயம்" என்னும். இன்னொன்று "வங்கியின் லாபத்தில் இதெல்லாம் தூசு" என்னும். இரண்டு பேருமே கணக்குப் போடுவதில்லை.

தூசு வாதத்தையே முதலில் எடுப்போம். 2022-23ல் எச்.டி.எஃப்.சி. வங்கியின் லாபம் சுமார் 44,109 கோடி ரூபாய், அதன் எம்.டி. பெற்றது 10.55 கோடி. லாபத்தில் 0.024 சதவீதம். அதே ஆண்டு ஸ்டேட் வங்கியின் லாபம் 50,232 கோடி, சேர்மன் பெற்றது 37 லட்சம். லாபம் கூடுதல், சம்பளம் இருபத்தெட்டில் ஒரு பங்கு. பெரிய வங்கியில் எந்தத் தொகையை வைத்தாலும் தூசாகத்தான் தெரியும். அந்த விகிதம் வங்கி எவ்வளவு பெரியது என்று சொல்லும், நாற்காலியில் இருப்பவர் என்ன செய்தார் என்று சொல்லாது.

அதற்காக ஸ்டேட் வங்கியைக் காட்டி, தனியார் வங்கிச் சம்பளம் எல்லாம் கொள்ளை என்று முடித்துவிடவும் கூடாது. சம்பளம் குறைவு என்பதால் நிர்வாகம் மலிவாக முடிந்துவிடாது. 2017-18ல் இதே ஸ்டேட் வங்கி 6,547 கோடி நஷ்டம் கண்டது. வாராக்கடனில் தள்ளாடிய அரசு வங்கிகளுக்கு மூலதனம் போட மத்திய அரசு 2017 அக்டோபரில் அறிவித்த திட்டம் 2.11 லட்சம் கோடி.

உருப்படியான கேள்விகள் இரண்டு. லாபத்தில் இவரால் வந்தது எவ்வளவு? இன்று கொடுத்த கடனின் நஷ்டம் வெளியே வரும்வரை இவருடைய போனஸ் பிடித்துவைக்கப்படுகிறதா? இரண்டுக்கும் விடை ஆண்டறிக்கையிலேயே கிடைக்கும். பழகிவிட்டால் ஒரு வங்கிக்கு அரை நாள் போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

அந்த வங்கியின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகள், அதே அளவும் அதே தொழிலும் உள்ள மூன்று வங்கிகளின் கடைசி இரண்டு ஆண்டறிக்கைகள், இந்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தின் நோட்டீஸ். எல்லாம் வங்கியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பக்கத்திலும், என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும்.

ஒப்பிடும் வங்கிகளைத் தேர்வதில்தான் பலர் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். சிட்டி யூனியன் வங்கியை எச்.டி.எஃப்.சி.யோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. கும்பகோணம் வங்கிக்குக் கரூர் வைஸ்யா, தமிழ்நாடு மெர்க்கன்டைல், சவுத் இந்தியன் என்று எடுங்கள். எச்.டி.எஃப்.சி.க்கு ஐசிஐசிஐ, ஆக்சிஸ், கோட்டக். வங்கி தானே சொல்லும் 'ஒப்பீட்டு நிறுவனங்கள்' பட்டியலை நம்பாதீர்கள். அந்தப் பட்டியலில் நம்மைவிடப் பெரியவர்கள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போவார்கள். தவிர, ஒவ்வொரு இயக்குநர் குழுவும் தங்கள் தலைவருக்குச் சந்தையின் நடு அளவுக்குச் சற்று மேலே கொடுக்க நினைக்கும். எல்லோரும் நடுவுக்கு மேலே போனால் அடுத்த ஆண்டு நடுவே மேலே போய்விடும். யாருடைய வேலையும் மாறாமல் எல்லோருடைய சம்பளமும் ஏறுவது இப்படித்தான்.

முதலில் உண்மையான தொகையைக் கண்டுபிடியுங்கள்

பத்திரிகையில் வரும் எண் பெரும்பாலும் ஆண்டறிக்கையின் நிறுவன ஆளுகைப் பகுதியில் உள்ள ஒரு பட்டியலின் கூட்டுத்தொகை. அது பாதிக் கதைதான். நான்கு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்தப் பட்டியல், அதன் அடிக்குறிப்பு, கணக்குக் குறிப்புகளில் ரிசர்வ் வங்கி கேட்கும் ஊதிய வெளிப்பாடு, குறித்த விலையில் வங்கியின் பங்கைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் உரிமையான எசாப் (பங்கு விருப்ப உரிமை) பற்றிய குறிப்பு.

அடிக்குறிப்பில்தான் ஆண்டுக் குழப்பம் ஒளிந்திருக்கும். தனியார் வங்கித் தலைவரின் ஊதியத்துக்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும். அது வரத் தாமதமாவதால், 2023-24 பட்டியலில் காணும் போனஸ் 2022-23 வேலைக்கானதாக இருக்கலாம், அதற்கும் முந்தைய ஆண்டுகளில் நிறுத்திவைத்த தவணையும் கலந்திருக்கலாம். ஒரு தாளில் ஐந்து வரிசை போட்டு, ஒவ்வொரு போனஸையும் அது எந்த ஆண்டு வேலைக்கானதோ அந்த வரிசையில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் 'லாபம் குறைந்த ஆண்டில் சம்பளம் கூடியது' என்று கண்டுபிடிப்பது வெறும் தேதிப் பிழையாக முடியும்.

எசாப்பில் பிழை இன்னும் பெரிதாகும். இதற்கு இரண்டு மதிப்புகள் உண்டு. கொடுத்த அன்று சூத்திரப்படி போட்ட நியாய மதிப்பு ஒன்று. பின்னாளில் அவர் பங்காக மாற்றும்போது சந்தை விலைக்கும் அவர் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று. எச்.டி.எஃப்.சி. வங்கியை 1994 முதல் நடத்திய ஆதித்ய புரி, ஓய்வுபெறுவதற்கு முந்தைய 2019-20ல் சுமார் 18.9 கோடி ஊதியம் பெற்றார். அதுபோக எசாப்பைப் பங்காக மாற்றியதில் சுமார் 161 கோடி. இந்த 161 கோடியை ஓர் ஆண்டுச் சம்பளம் என்று எழுதினால் தவறு, அது பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் தவறு. சரியான வழி: ஒவ்வோர் ஆண்டும் கொடுத்த எசாப் எண்ணிக்கையை எடுங்கள், எசாப் குறிப்பில் உள்ள நியாய மதிப்பால் பெருக்குங்கள், அந்தந்த ஆண்டு வரிசையில் போடுங்கள்.

2020க்கு முந்தைய எண்களையும் பிந்தையதையும் நேராக ஒப்பிட வேண்டாம். பழைய விதியில் எசாப், போனஸ் போன்ற மாறுபடும் ஊதியத்துக்குள் வராது, மாறுபடும் ஊதியமும் நிலையான ஊதியத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2019 நவம்பர் 4ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல் எசாப்பை உள்ளே கொண்டுவந்தது, உச்சவரம்பை நிலையான ஊதியத்தின் 300 சதவீதமாக்கியது. 2020 ஏப்ரல் 1க்குப் பின் தொடங்கும் ஊதியச் சுற்றுகளுக்கு அது பொருந்தும். ஆகவே அந்த ஆண்டில் தெரியும் திடீர் ஏற்றத்தில் ஒரு பகுதி விதி மாறியதன் விளைவு.

நிறுவனர்களைத் தனியாக வையுங்கள். உதய் கோட்டக் கோவிட் காலத்திலிருந்து 1 ரூபாய் சம்பளம் வாங்கினார். வங்கியில் நாலில் ஒரு பங்கைக் கையில் வைத்திருப்பவருக்குச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை. அவரைக் காட்டி, வெளியிலிருந்து வந்த ஊழியர் எம்.டி.யின் ஊதியத்தை அளக்க முடியாது.

கடைசியாக, இயக்குநர் அறிக்கையின் இணைப்பில் எம்.டி. ஊதியம், சம்பள வரிசையில் நட்டநடுவில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற எண் இருக்கும். நிறுவனச் சட்டம் 2013ன் 197ஆம் பிரிவின்படி கட்டாயம். பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டாம். கடன் வசூல், கார்டு விற்பனை, கால் சென்டர் போன்ற வேலைகளை வெளி நிறுவன ஆட்களிடம் விட்ட வங்கியில் அந்தக் குறைந்த சம்பளங்கள் கணக்குக்கே வராது, மடங்கு அழகாகத் தெரியும். ஐந்து ஆண்டில் மடங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் பயன்படும்.

போனஸ் எப்போது கைக்குப் போகிறது

தொகையைவிட இதுதான் முக்கியம். வீட்டுக் கடனோ தொழில் கடனோ, கொடுத்த ஆண்டில் கெடாது. முதல் ஆண்டில் வட்டியும் பிராசசிங் கட்டணமும் லாபமாக வரும். பணம் திரும்பாது என்பது இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும். போனஸ் மட்டும் பன்னிரண்டு மாதத்தில் முழுதாகக் கிடைத்தால், கெட்ட கடன் கொடுப்பவரும் நல்ல கடன் கொடுப்பவரும் ஒரே பரிசு பெறுவார்கள்.

2019 விதிகளின் சாரம் இது. மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி மாறுபடும் ஊதியமாக இருக்க வேண்டும். அது நிலையான ஊதியத்தின் 200 சதவீதம் வரை இருந்தால் அதில் குறைந்தது 50 சதவீதம் பணமல்லாத வடிவில், அதாவது பங்கு சார்ந்து, கொடுக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் 67 சதவீதம். மாறுபடும் ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நிறுத்திவைக்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு. பணப் பகுதியிலும் பாதியை நிறுத்த வேண்டும், அந்தப் பணம் 25 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு.

ஒரு கற்பனை வங்கியில் வைத்துப் பாருங்கள். நிலையான ஊதியம் 3 கோடி, மாறுபடும் ஊதியம் 6 கோடி. இது 200 சதவீதம். அப்படியானால் பங்கு சார்ந்தது குறைந்தது 3 கோடி, பணம் அதிகபட்சம் 3 கோடி. அந்தப் பணத்தில் உடனே தரக்கூடியது 1.5 கோடி, மீதி மூன்று ஆண்டில் தலா 50 லட்சம். ஆக, '9 கோடி சம்பளம்' என்று செய்தியில் வருபவரின் கைக்கு முதல் ஆண்டு வருவது 4.5 கோடிதான், அதுவும் வரிக்கு முன். மீதி 4.5 கோடி வங்கியோடு கட்டிப்போடப்பட்டிருக்கும்.

உங்கள் வங்கியின் எண்களை இந்த வரிசையில் போட்டுப் பாருங்கள். விதி சொல்லும் குறைந்தபட்சத்தில் அப்படியே நிற்கிறதா, அதைத் தாண்டிப் போகிறதா? சரியாக மூன்று ஆண்டு, சரியாக 60 சதவீதம் என்று நின்றால் அந்த இயக்குநர் குழு தானாக எதுவும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அடமானக் கடனும் உள்கட்டமைப்புக் கடனும் அதிகம் கொடுக்கும் வங்கிக்கு மூன்று ஆண்டு போதாது என்பது எங்கள் கருத்து.

போனஸையே குறைத்து நிலையான ஊதியத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் அதைத்தான் முயன்றது. போனஸ் நிலையான ஊதியத்துக்குச் சமம் வரைதான், பங்குதாரர் ஒப்புக்கொண்டால் இருமடங்கு. வங்கிகள் நிலையான ஊதியத்தை ஏற்றிக்கொண்டன. பிரிட்டன் 2023 அக்டோபரில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. நிலையான ஊதியத்தை நஷ்டம் வந்த பின் திருப்பிக் கேட்க முடியாது என்பதுதான் சிக்கல்.

பங்காகக் கொடுத்தால் போதும் என்பதும் பாதி உண்மை. 2008ல் கவிழ்ந்த அமெரிக்க முதலீட்டு வங்கிகளான பேர் ஸ்டெர்ன்ஸ், லேமன் பிரதர்ஸ் இரண்டிலும் உயர் நிர்வாகிகளிடம் நிறையப் பங்கு இருந்தது. ஆனாலும் 2000 முதல் 2008 வரை பண போனஸாகவும் பங்கு விற்றும் முதல் ஐந்து நிர்வாகிகள் எடுத்தது பேர் ஸ்டெர்ன்ஸில் சுமார் 140 கோடி டாலர், லேமனில் சுமார் 100 கோடி டாலர். பங்கு கொடுக்கும் கணக்கோடு, விற்கும் கணக்கையும் பாருங்கள். நம் நாட்டில் நிறுவனத்தின் உள்ளே உள்ளவர்கள் ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அதன் பங்கை வாங்கினாலோ விற்றாலோ தெரிவிக்க வேண்டும். பங்குச்சந்தைத் தளங்களில் உள்நபர் வணிக வெளிப்பாடு என்ற பகுதியில் வங்கியின் பெயரைப் போட்டால் வந்துவிடும். எசாப்பை மாற்றிய அன்றே வரி கட்டும் அளவுக்குக் கொஞ்சம் விற்பது இயல்பு. கிடைப்பதையெல்லாம் விற்பது வேறு சங்கதி.

லாபத்தில் இவருடைய பங்கைப் பிரித்தெடுத்தல்

மழை பெய்த ஆண்டில் எல்லா ஏரியும் நிறையும், மதகுக்காரருக்கு அதற்காகப் பரிசு கொடுப்பதில்லை. வங்கித் தொழிலுக்கு மழை என்பது வட்டி விகிதம். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன், சிறுதொழில் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. அதனால் கடன் வட்டி மூன்று மாதத்துக்குள் ஏறியது. வைப்புநிதி வட்டியோ பழைய எஃப்.டி. முடியும்வரை நகராது. நடுவில் உள்ள இடைவெளி அத்தனையும் லாபம். அந்த 2022-23ல் பன்னிரண்டு அரசு வங்கிகளும் சேர்ந்து ஒரு லட்சம் கோடியைத் தாண்டின. அந்த ஆண்டு லாபத்தைக் காட்டி எந்த எம்.டி.யும் பெருமைப்பட இடமில்லை. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியபோது அதே இயந்திரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. அதில் வரும் குறைவுக்கும் அவரை மட்டும் திட்ட வேண்டியதில்லை.

பிரிக்கும் முறை எளிது. கால்குலேட்டர் போதும்.

முதலில் மூலதனத்தின் கூலியைக் கழியுங்கள். பத்தாண்டு அரசுப் பத்திர வட்டியோடு 5 சதவீதம் கூட்டுங்கள். பத்திரம் 7 என்றால் 12. இதே கற்பனை வங்கியின் ஆண்டுத் தொடக்க நிகர மதிப்பு (வங்கியில் உள்ள பங்குதாரர் பணம்) 20,000 கோடி, சொத்து 2 லட்சம் கோடி, லாபம் 2,800 கோடி என்று வைப்போம். பங்குதாரர் பணத்தின் கூலி 2,400 கோடி. மிச்சம் 400 கோடி. இந்த மிச்சம் எதிர்மறையாக வந்தால் மேலே போக வேண்டாம், அந்த ஆண்டு போனஸுக்குக் காரணமே இல்லை. சாதனை லாபம் என்று விளம்பரம் செய்யும் சில வங்கிகள் இந்த முதல் கழித்தலிலேயே விழும். புதிய பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்டினால் லாபத் தொகை தானாகவே ஏறும் அல்லவா?

அடுத்து மழையைக் கழியுங்கள். சொத்தின் மீதான லாப விகிதம் உங்கள் வங்கியில் 1.05 சதவீதத்திலிருந்து 1.40 ஆனது, ஒப்பீட்டு வங்கிகள் மூன்றிலும் சராசரியாக 0.30 கூடியது என்றால், உங்கள் வங்கிக்கே உரிய முன்னேற்றம் 0.05. சொத்து 2 லட்சம் கோடியில் அது 100 கோடி. 9 கோடி ஊதியத்தை ஒப்பிட வேண்டியது இந்த 100 கோடியோடு. 9 சதவீதம். 2,800 கோடியோடு ஒப்பிட்டால் 0.3 சதவீதமாகத் தெரிந்தது, இப்போது வேறு முகம் காட்டுகிறது.

ஓர் ஆண்டை வைத்து இதைச் சொல்லக்கூடாது. ஐந்து ஆண்டு போட்டு, கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டே படுமோசமாக இருந்திருந்தால் பிறகு வரும் எதுவும் முன்னேற்றமாகத் தெரியும். புதிய எம்.டி. வந்தவுடன் பழைய கெட்ட கடனுக்கெல்லாம் லாபத்திலிருந்து நஷ்ட ஒதுக்கீடு போட்டு முதல் ஆண்டை ஆழமாகத் தாழ்த்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அடுத்த ஆண்டுகளில் அந்த ஒதுக்கீடு திரும்பி வந்து லாபமாகச் சேரும். அதனால் ஒதுக்கீட்டுக்கு முந்தைய இயக்க லாபத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அது அசையாமல் நிகர லாபம் மட்டும் குதித்திருந்தால் குதித்தது ஒதுக்கீடுதான். பத்திர விற்பனை லாபமும் வரிச் சலுகையும் அப்படியே கழிக்க வேண்டியவை.

எங்கள் கைக்கணக்கு: ஐந்தாண்டு மொத்த ஊதியம், இப்படிப் பிரித்தெடுத்த உபரியில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் சண்டை வேண்டாம். 2 முதல் 10 வரை இருந்தால் நிறுத்திவைப்பு எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு. 10ஐத் தாண்டினாலும் உபரியே இல்லாவிட்டாலும் எதிர்த்து வாக்களிக்கலாம். இந்த எல்லைகள் சட்டமல்ல, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதலிலேயே எழுதிவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

அந்த லாபம் நிஜம்தானா

வாராக்கடன் விகிதம் குறைந்தது என்பது போனஸுக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். அந்த விகிதத்தைக் குறைக்க எளிய வழி, கடனை வேகமாகப் பெருக்குவது. புதுக் கடன் இன்னும் கெடவில்லை, வகுக்கும் எண்ணான மொத்தக் கடன் பெருத்துவிடும், விகிதம் இறங்கும். ஆகவே இன்றைய வாராக்கடனை இரண்டு ஆண்டுக்கு முந்தைய கடன் தொகையால் வகுத்துப் பாருங்கள்.

2023 மார்ச்சில் கடன் 1,00,000 கோடி, வாராக்கடன் 2,000 கோடி என்றால் 2 சதவீதம். 2025 மார்ச்சில் கடன் 1,50,000 கோடி, வாராக்கடன் 2,700 கோடி என்றால் 1.8 சதவீதம், அறிக்கையில் 'தரம் மேம்பட்டது' என்று வரும். 2,700ஐ 1,00,000ஆல் வகுத்தால் 2.7. இந்த இரண்டு ஆண்டில் ஏட்டிலிருந்து தள்ளுபடி செய்த 900 கோடியையும் சேர்த்தால் 3.6. தள்ளுபடி எண், வாராக்கடன் நகர்வுப் பட்டியலில் இருக்கும்: தொடக்க இருப்பு, புதிதாகச் சேர்ந்தது, வசூல், தரம் உயர்ந்தது, தள்ளுபடி. இதில் புதிதாகச் சேர்ந்ததை ஆண்டுத் தொடக்கத்தில் நல்ல நிலையில் இருந்த கடனால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தை மறைப்பது கடினம். ஐந்து ஆண்டும் அதை வரைந்து பாருங்கள்.

பிறகு, டைவர்ஜென்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து ஆண்டறிக்கையில் தேடுங்கள். வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர் கண்டதற்கும் உள்ள வித்தியாசம் அது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வெளியிட்டாக வேண்டும். யெஸ் வங்கி 2016 மார்ச்சில் காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி, ரிசர்வ் வங்கி கணித்தது சுமார் 4,926 கோடி. அடுத்த ஆண்டு வித்தியாசம் 6,355 கோடி. 2020 மார்ச் 5ல் அந்த வங்கியில் பணம் எடுக்கவே கட்டுப்பாடு வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு முன்பே முதல் எண் அறிக்கையில் இருந்தது. இப்போதைய விதிப்படி, டைவர்ஜென்ஸ் வரம்பைத் தாண்டிய ஆண்டுக்குரிய போனஸில் இன்னும் கைக்குப் போகாத பகுதியைக் கொடுக்கக்கூடாது, அந்த ஆண்டுக்கு மாறுபடும் ஊதியத்தை உயர்த்தவும் கேட்கக்கூடாது. உங்கள் வங்கி அதைச் செய்ததா என்று சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கடன் மட்டுமே பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் கணக்கில் பிழை இருப்பதாக அறிவித்தது. தாக்கம் சுமார் 1,960 கோடி. ஏப்ரல் இறுதியில் தலைமைச் செயல் அதிகாரி விலகினார். முந்தைய ஆண்டுகளின் லாபம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. அந்த லாபத்தை வைத்து அளந்த போனஸும் கூடுதல்தானே?

மாலஸ், கிளாபேக்: பல் இருக்கிறதா

இன்னும் கொடுக்காததை நிறுத்துவது மாலஸ், கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கிளாபேக். எல்லா வங்கி அறிக்கையிலும் இரண்டும் உண்டு, பார்க்க வேண்டியது தூண்டும் காரணம். 'மோசடி, ஒழுங்கீனம்' மட்டும் எழுதியிருந்தால் அது பல்லில்லாத விதி. வங்கி கவிழ்வதற்குப் பெரும்பாலும் திருட்டு காரணமில்லை, அசட்டுத் துணிச்சல்தான் காரணம். 'சொத்துத் தரத்தில் கணிசமான சரிவு', 'இடர் வரம்பு மீறல்' ஆகியவையும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டில் மாலஸுக்குத்தான் வலு. ஐசிஐசிஐ வங்கி 2019 ஜனவரியில் தன் முன்னாள் எம்.டி. சந்தா கொச்சாரின் விலகலைக் காரணத்தோடு கூடிய நீக்கமாகக் கருதி, 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸ் அனைத்தையும் திரும்பக் கேட்டது. அந்தத் தொகைக்காக 2020ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. யெஸ் வங்கியும் தன் முன்னாள் எம்.டி. ராணா கபூரின் 2014-15, 2015-16 போனஸைத் திரும்பப் பெறத் தீர்மானித்தது. கையைவிட்டுப் போன பணத்தைத் துரத்த வக்கீல் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். கொடுக்காத பணத்தை நிறுத்த ஒரு தீர்மானம் போதும். அதனால்தான் கிளாபேக் பற்றிய அழகான பத்தியைவிட, எத்தனை சதவீதம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணுக்கு நாங்கள் அதிக மதிப்பெண் போடுகிறோம்.

ரிசர்வ் வங்கி கேட்கும் ஊதிய வெளிப்பாட்டில் அந்த ஆண்டு மாலஸ், கிளாபேக் எத்தனை பேர்மீது பிரயோகிக்கப்பட்டது என்ற வரி உண்டு. வாராக்கடன் ஏறிய ஆண்டுகளிலும் அங்கே தொடர்ந்து 'இல்லை' என்று இருந்தால் விதி காகிதத்தில்தான் இருக்கிறது.

மேலே போனஸ், கீழே டார்கெட்

எம்.டி.யின் போனஸை முடிவுசெய்யும் மதிப்பெண் பட்டியலில் கட்டண வருமானம் இருந்தால், அது கிளைக் கவுன்ட்டரில் "எஃப்.டி.யை விடுங்க சார், இந்தப் பாலிசி எடுங்க" என்று இறங்கும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோவில் ஒரே வாடிக்கையாளருக்குப் பல கணக்கு என்ற இலக்கு, வாடிக்கையாளருக்கே தெரியாத கணக்குகளில் முடிந்தது. 2016ல் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலை இழந்திருந்தார்கள். தலைவர் ஜான் ஸ்டம்ப் முதலில் 4.1 கோடி டாலர் பங்குகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எந்தப் பணம் போனது பாருங்கள்: இன்னும் கைக்கு வராத பங்குகள்.

நம் வங்கிகளில் பார்க்க வேண்டியவை இரண்டு. கணக்குக் குறிப்பில் காப்பீட்டு விற்பனை மூலம் வந்த கமிஷன், கிளைகளின் எண்ணிக்கையைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது. பொறுப்பு அறிக்கையான பி.ஆர்.எஸ்.ஆர்.இல் ஊழியர் விலகல் விகிதம். கமிஷன் ஏறுகிறது, மூன்றில் ஒருவர் ஆண்டுதோறும் விலகுகிறார் என்றால் அந்த லாபத்தின் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர்களுக்கு

இங்கே வேலை சுலபம், மழையின் அளவு இண்டெக்ஸாகத் தனியே கிடைக்கிறது. டிவிடெண்ட் சேர்ந்த டி.ஆர்.ஐ. இண்டெக்ஸோடு ஐந்தாண்டு, பத்தாண்டு ஒப்பிடுங்கள். ஃபண்டை நடத்தும் நிறுவனமான ஏ.எம்.சி.யின் தளத்தில் தலைமை அதிகாரி, முதலீட்டுத் தலைவர் ஊதியமும் ஆண்டுக்கு 1.02 கோடிக்கு மேல் பெறுவோர் விவரமும் இருக்கும். 2021ல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த விதிப்படி முக்கிய ஊழியர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி அவர்கள் நடத்தும் திட்டங்களின் யூனிட்டாகவே தரப்படுகிறது, மூன்று ஆண்டு பூட்டோடு. தொடக்கத்தில் எல்லோருக்கும் 20 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் ஊதியப் படிநிலைக்கேற்ப மாறியது. நல்ல விதி. ஆனால் நிர்வாகக் கட்டணம் ஃபண்டின் அளவைப் பொறுத்து வருகிறது, திறமையைப் பொறுத்து அல்ல. சந்தை ஏறினாலே கட்டணம் ஏறும். அதனால் ஊதியத்தை ஃபண்டின் அளவோடு ஒப்பிடாமல், இண்டெக்ஸைத் தாண்டிய தொகையோடு ஒப்பிடுங்கள்.

கணக்கு முடிந்தபின் வாக்கு

ஒரே ஒரு பங்கு இருந்தாலும் எம்.டி. நியமனத்துக்கும் ஊதியத்துக்கும் வாக்களிக்கலாம். கூட்டத்துக்கு முந்தைய கட்-ஆஃப் தேதியில் பங்கு உங்கள் டீமேட்டில் இருக்க வேண்டும். நோட்டீஸ் 21 நாளுக்கு முன் மின்னஞ்சலில் வரும், பெரும்பாலும் ஸ்பேமில் கிடக்கும். டீமேட் பங்குகளைப் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். தளத்தில் டீமேட் கணக்கு வழியாக நுழைந்து வாக்களிக்கலாம். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். கூட்டத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஊதியத் தீர்மானத்தைப் படிக்கும்போது விளக்க அறிக்கையில் மூன்றைத் தேடுங்கள்: மதிப்பெண் அட்டையில் எதற்கு எத்தனை சதவீதம், நிறுத்திவைப்பு அட்டவணை, போன ஆண்டு அவர் பெற்ற மதிப்பெண். மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. நிறுவனச் செயலாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் பேசப் பதிவுசெய்யவும் அதே முகவரிதான், கடைசித் தேதி நோட்டீஸில் இருக்கும். "லாபம் கூடியதே, பிறகென்ன?" என்ற பதில் வந்தால், ஒப்பீட்டு வங்கிகளின் லாப விகித உயர்வைக் கழித்தபின் மீதி எவ்வளவு என்று எண்ணோடு திருப்பிக் கேளுங்கள்.

சிறு பங்குதாரரின் வாக்கு மட்டும் முடிவை மாற்றாது. உங்கள் எஸ்.ஐ.பி. போகும் ஃபண்டின் கையில்தான் பெரிய வாக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தான் வைத்திருக்கும் பங்குகளில் ஆதரித்ததா எதிர்த்ததா, என்ன காரணம் என்று காலாண்டுதோறும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் வங்கியின் பெயரைத் தேடி, ஊதியத் தீர்மானத்துக்கு நேரே உள்ள காரணத்தைப் படியுங்கள். 'விதிகளுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், உங்கள் கணக்குத் தாளை இணைத்து ஃபண்ட் நிறுவனத்தின் முதலீட்டாளர் சேவை முகவரிக்கு அனுப்பலாம்.